வெளுத்த படம்

பர் துபாயிலிருந்து தேராவுக்கு அப்ரா படகில் போனேன். பக்கத்தில் நம்மூர் ஆட்கள் இருவர். ஒருவர் படத்துக்குச் சட்டம் போடுகிறவர். அவர் மடியில் இரண்டு படங்கள்; இரண்டிலும் மழையில் நனையும் அதே பாலம்.

"மச்சான், ஒட்டவே கூடாத அசலைப் பசை தடவி அட்டையில ஒட்டிட்டேன்."

"எது அசல்னு சட்டம் போடக் குடுத்த அந்த ஜப்பான்காரம்மா சொல்லலியா?"

"சொன்னாங்க. இருபது வருசத் தொழிலாச்சே, நான் எங்க கேட்டேன்? பளபளன்னு இருந்ததுக்கு நல்ல கண்ணாடி போட்டேன். வெளுத்தத நகல்னு ஒட்டிட்டேன்."

"பொண்ணு பாக்கப் போனப்பவும் இதே கண்ணுதானேடா?"

"சிரிக்காத. அப்புறம் பளபளப்பானதத் திருப்பினப்பதான் புரிஞ்சுது. முதுகு வெள்ளை, மிஷின்ல அடிச்சது. மத்தது மரக்கட்டையில செதுக்கி அச்சடிச்சது. மை முதுகுவரைக்கும் ஊறியிருந்துச்சு. நான் அழுக்குன்னு நெனச்சேன்."

"சொல்லாம குடுத்துடு. கண்ணாடிக்குள்ள யாரு பாக்கப் போறா?"

"அவங்க வாப்பா வச்சிருந்ததாம், மச்சான். சொல்லிடுறேன். கஞ்சிப் பசைதான், ஊறினா பிரியும். ஆனா நான் தொடமாட்டேன், தெரிஞ்சவங்க பிரிக்கட்டும். வேலை போனா போகட்டும்."

இரண்டு படத்தையும் நானும் பார்த்துக்கொண்டே வந்தேன். கேட்டிருந்தால் பளபளப்பானதைத்தான் அசலென்று அடித்துச் சொல்லியிருப்பேன். நல்லவேளை, என்னை யாரும் கேட்கவில்லை.