பெண் பார்க்கப் போகும் வழியில் இங்கிலாந்து லீக்

ஒரத்தநாடு பஸ்ஸில் தூங்குவதுபோல் சாய்ந்திருந்தேன். என் தொப்பையைப் பார்த்தவர்கள் யாரும் சந்தேகப்படவில்லை. முன் சீட்டில் பெண் பார்க்கப் போகும் ஒருவனும் அவன் சித்தப்பாவும்.

“பொண்ணு ஃபுட்பால்ல ஸ்பெயின் லீக்குதான் பெருசுங்குது சித்தப்பா. அங்க தலைமடையில ரெண்டு மூணு டீமே எல்லாத் தண்ணியையும் மடக்கிக்கும். இங்கிலாந்துல கடைமடை வரைக்கும் பாயும். கடைசி டீமு முதல் டீமையே அடிக்கும்.”

“உண்மையாவே இருக்கட்டும். அங்க வந்து வாயத் தொறக்காத. தாலி கட்டுற வரைக்கும் ஸ்பெயின்தான் ஒசத்தி.”

“நேத்தே மெசேஜ்ல சொல்லிட்டேனே.”

“அடப்பாவி. அது என்னா சொல்லிச்சு?”

“‘நேர்ல வாங்க, பேசிக்கலாம்’னுச்சு.”

சித்தப்பா மடியிலிருந்த பையைத் திறந்து பார்த்தார்.

“சமாதானத்துக்கு இன்னும் ரெண்டு முழம் பூ வாங்கியிருக்கலாம்டா.”