குழாய்த் தண்ணீரில் வெந்த பருப்பு

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களைவிட்டு ஆட்கள் டவுனுக்கு வந்துகொண்டிருந்த வருஷம். டவுனில் தெங்கேரா தெருக் குழாயடியில் யார் முந்தி என்கிற சண்டைதான் எப்போதும். நான் காதில் வாங்குவதில்லை. அன்று காலை, குழாய்க்கடியில் குடத்தை வைத்த ஒருத்தி பின்னால் நின்றவளிடம் சொன்னதைக் கேட்டுத்தான் திரும்பினேன்.

“இந்தத் தண்ணியில பருப்பு ஒரே கொதியில வெந்துடுது, தங்கச்சி. பாத்தா அழுகையா வருது.”

“வெந்தா நல்லதுதானேக்கா?”

“பெம்பான் தோட்டத்துல என் மருமக வைக்கிற பருப்பு கல்லு மாதிரி கெடக்கும். அடுப்பெரிக்கத் தெரியாதவள்னு தெனமும் ஏசுவேன்.”

“அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லாதா?”

“கிணத்துத் தண்ணி உப்பு அத்தைன்னுச்சு. முன்ன நாங்க ஆத்துத் தண்ணியிலதான் சமைச்சோம். அது கல்யாணமாகி வந்த மாசந்தான் புதுக் கிணறு வெட்டினாங்க. எனக்கு அது ஒறைக்கல. எதிர்த்தா பேசுறேன்னு கரண்டியால அடிச்சிட்டேன்.”

“அப்புறம்?”

“காய்ச்சல்ல படுத்துச்சு. கொழைய வெந்த பருப்பும் சோறும் ஒரு வாய் குடுங்க அத்தைன்னு கேட்டுச்சு. அன்னிக்கு நானே அடுப்புல வெச்சேன். காலையில வெச்சது, பொழுது சாயிற வரைக்கும் வெறகு தள்ளினேன்.”

“வெந்துச்சா?”

“வேகல. அதுக்குள்ள அது போயிடுச்சு.”

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. வரிசையில் இருந்த ஒருவரும் அவளை நகரச் சொல்லவில்லை.