சப்வூஃபருக்கு ஓர் இடம்

— அதை எதுக்கு சோபாவுல ஏத்தி வச்சிருக்கீங்கன்னுதான் கேக்கறேன், அதுக்கு ஒரு பதில்...

— வயரை மிதிக்காத! வயர்... கொஞ்சம் தள்ளி வாயேன்...

— பதில் சொல்லுங்க. கண் க்ளினிக்ல நாள் பூரா நின்னுட்டு வர்றேன். வந்தா உக்கார இடமில்ல. என் இடத்துல ஒரு மரப்பெட்டி கால நீட்டாத குறையா உக்காந்திருக்கு.

— மரப்பெட்டி இல்ல. சப்வூஃபர். கும்முனு வர்ற அடிச்சத்தத்துக்குன்னே உள்ள பெட்டி.

— எனக்கு மரப்பெட்டிதான். நடுவுல ஒரு ஓட்டை.

— அந்த ஓட்டையிலதான் ஸ்பீக்கர் இருக்கு, கண்ணைத் திறந்து பாரு. அடிபட்ட கார் ஒண்ணு தெரிஞ்சவரு ஒர்க்‌ஷாப்ல கிடந்துச்சு. அதோட டிக்கியிலேருந்து கழட்டினது. கடையில போய் வாங்கினா நம்மளையே வித்துட்டு வரணும்.

— பலகை?

— என்ன பலகை?

— பெட்டி செஞ்ச பலகை. அதுவும் கார்லேருந்தா?

— அது... வீட்ல கிடந்தது.

— வீட்ல எங்க கிடந்தது?

— சும்மாதான் கிடந்துச்சு. நல்ல கெட்டிப் பலகை. தட்டிப் பாரு, எப்படி இருக்குன்னு.

— இருங்க... இந்தப் பச்சைப் பெயின்ட்டு... ஐயோ! என் துணி அலமாரிக் கதவு!

— ரெண்டு கதவு இருந்துச்சுல்ல. ஒண்ணு அப்படியேதான் இருக்கு.

— பாதி அலமாரி மூடியிருக்குன்னு சந்தோஷப்படணுமா நான்? வர்றவங்க போறவங்க எல்லாம் என் பாவாடையை எண்ணிக்கிட்டுப் போகட்டுமா?

— திரை போட்டுத் தர்றேன்மா. சத்தம் போடாத. முதல்ல ஒரு தடவை கேட்டுப் பாரு, அப்புறம் திட்டு.

— இருக்கற டிவி சத்தம் போதாதா உங்களுக்கு?

— போதல. அடிச்சத்தமே இல்ல அதுல. இடி இடிக்குது, தகர டப்பாவுல கூழாங்கல்லு போட்ட மாதிரி இருக்கு. லாரி வருது, சைக்கிள் போற மாதிரி இருக்கு.

— எனக்கு இடி இடியாத்தான் கேக்குது.

— உனக்கு எல்லாமே நல்லாத்தான் கேக்கும். உனக்கென்ன.

— முதல்ல டிவி சரியில்லன்னீங்க. அப்புறம் அந்த நீட்டு ஸ்பீக்கரை வாங்கிட்டு வந்து, அதுவும் சரியில்லன்னு திருப்பிக் குடுத்தீங்க. அப்புறம் ஹால் சரியில்ல, ஜன்னல் சரியில்ல. இந்த வீட்ல நீங்க இன்னும் குத்தம் சொல்லாதது ஒண்ணே ஒண்ணுதான்.

— எது?

— ஒண்ணுமில்ல, விடுங்க.

— சொல்லு. பாதியில முழுங்காத.

— எங்க க்ளினிக்குக் கீழ் மாடியிலயே காது டாக்டர் இருக்கார்ங்க. ஒரு தடவை...

— ஆரம்பிச்சுட்டியா.

— ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போனா என்ன?

— எதைக் காட்ட? நான் யாரு? லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் மேல ஸ்க்ரூட்ரைவரை வச்சு, பிடியில காதைக் குடுத்தேன்னா, உள்ள எந்த பேரிங் தேஞ்சிருக்குன்னு பிரிக்காமலே சொல்றவன். கம்பெனியில புதுப் பசங்களை என்கிட்டதான் அனுப்பறான், கேக்கக் கத்துக்கச் சொல்லி. நான் போய்க் காது டாக்டர் வாசல்ல உக்காரணுமா? எவனாவது பாத்து மேனேஜர்கிட்டச் சொன்னா மறுநாளே வீட்டுக்கு அனுப்பிடுவான்.

— வீட்டுக்கு அனுப்பினா என்ன, ஏதோ கஞ்சியோ கூழோ குடிச்சுக்கலாம். லிஃப்ட்ல ஏறறவங்களை நினைச்சாத்தான்...

— என்ன நினைச்சா?

— உங்களுக்குக் கேக்கலன்னா அவங்க கதி என்னங்க?

— எனக்குக் கேக்குது! எத்தனை தடவை சொல்றது? கேக்குது. இப்ப நிரூபிக்கறேன் பாரு. இந்தா, இந்த போனைப் பிடி. நான் சொல்றப்ப அந்த முக்கோணத்தை அமுக்கு.

— அதுக்கு முன்னாடி, சோபாவுல ஏன் வச்சீங்க?

— அதான் வித்தையே. பெட்டியை எங்க வச்சா நமக்கு நல்லாக் கேக்கும்னு கண்டுபிடிக்கணும். ஒவ்வொரு இடமா பெட்டியைத் தூக்கி வச்சு, ஓடி வந்து சோபாவுல உக்காந்து பாத்தா இடுப்பு போயிடும். அதனால நாம உக்கார்ற இடத்துல பெட்டி. நாம தவழ்ந்து போய்ச் சுவரோரமெல்லாம் கேக்கறது. எங்க சத்தம் நல்லாக் கேக்குதோ அங்கதான் பெட்டிக்கு இடம்.

— தவழ்ந்தா?

— தவழ்ந்துதான். பெட்டி தரையிலதானே உக்காரப் போகுது? காதும் அந்த உயரத்துல இருக்கணும்.

— இந்த வயசுல இதை வீடியோ எடுத்து உங்க அக்காவுக்கு அனுப்பணும்.

— அனுப்பு. அமுக்கு இப்ப.

— ஐயையோ... என்னங்க இது, எருமை கொட்டாவி விடற மாதிரி! அடுப்படியில டம்ளரெல்லாம் நடுங்குது.

— என்ன?

— டம்ளர் நடுங்குதுன்னேன்!

— நடுங்கட்டும், நடுங்கட்டும். பெட்டி வேலை செய்யுதா? அலமாரிக் கதவுன்னு கேலி பண்ணியே.

— கொஞ்சம் குறைக்கட்டுமா? கீழ் வீட்டுக்காரர் மேல ஏறி வந்துடுவார்.

— கொஞ்சமாக் குறை. போதும். நான் கிளம்பறேன்... ம்... இங்க, ஷூ ஸ்டாண்ட் பக்கம்... ஒல்லியா இருக்கு.

— ஒல்லியாவா?

— சத்தம் ஒல்லி. சதை இல்ல. இங்க டிவிக்குக் கீழ... பரவால்ல. கொஞ்சம் தேறும்.

— ஏங்க, எனக்கு அங்கேயும் இங்கேயும் ஒரே மாதிரிதான் இருக்கு.

— உனக்குப் பழக்கமில்ல. இதுக்குன்னு தனிக்காது வேணும்.

— சரிங்க, தனிக்காது. அப்படியே போங்க, அந்த மூலைக்கு.

— போறேன், போறேன். ஸ்டூலை எவன் இங்க வச்சான்... முட்டி வேற...

— திரைக்குப் பின்னாடி தலையைக் குடுத்துக் கேளுங்க. என்னைப் பாக்காதீங்க. கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க.

— கண்ணை எதுக்கு மூடணும்?

— மூடுங்களேன். அப்பத்தானே காதுக்கு வேலை.

— சரி மூடிட்டேன்... ம்... ஆ! இங்கதான்! அப்படிப் போடு! மூலைன்னா மூலைதான். கும்முனு வருது பாரு... உருண்டையா, கனமா... இதுதான் இடம். சாக்பீஸ் எடுத்துட்டு வா, கோடு போட்டுடலாம்.

— நல்லாக் கேக்குதா?

— காதை அடைக்குதுங்கறேன்.

— இப்பவுமா?

— இப்பவும்தான். ஏன், நீ இன்னும் குறைச்சியா? குறைச்சாலும் கேக்குது. மூலையோட குணம் அது.

— திரும்பிப் பாருங்க.

— என்ன?

— என்னைத் திரும்பிப் பாருங்கன்னேன்.

— கையில என்ன அது?

— ப்ளக். நீங்க ஸ்டூலைத் திட்டினீங்களே, அப்பவே பிடுங்கிட்டேன்.

— விளையாடாத.

— அந்த ஆம்ப்ளிஃபயர்ல லைட் எரியுதா பாருங்க. டம்ளர் நின்னு போச்சுங்க. ஃபேன் கூட ஓடல. வீட்ல ஒரு பொட்டுச் சத்தம் இல்ல.

— இல்ல... இல்லடி, கேக்குது. இப்பக் கூடக் கேக்குது. ம்ம்ம்னு... எங்கேருந்து வருது அப்ப?

— எழுந்திரிங்க. தரையில அப்படி உக்காராதீங்க. எந்தக் காதுல வருது?

— இடது.

— எவ்வளவு நாளா?

— தூரத்துல ஏதோ மோட்டார் ஓடற மாதிரி... எந்நேரமும் ஓடுது. படுத்தாலும் ஓடுது. காதுல தண்ணி போன மாதிரி ஒரு அடைப்பு வேற. போயிடும் போயிடும்னு பாத்தேன்.

— தெரிஞ்சேதான் இத்தனை நாளா...

— தெரிஞ்சுதான். அதை அமுக்கற மாதிரி ஒரு பெரிய அடிச்சத்தம் வீட்டுக்குள்ள இருந்துட்டா... எது வெளிச்சத்தம், எது என் காதுச் சத்தம்னு பிரிச்சுக் கத்துக்கலாம்னு பாத்தேன். அதுக்குத்தான் பெட்டி. சினிமாவுக்கு இல்ல.

— என்கிட்டச் சொல்லியிருக்கலாமேங்க.

— என்னன்னு சொல்ல? உன் புருஷன் ஊரெல்லாம் போய் மோட்டார் மேல காதை வச்சு, தன் காதையே கேட்டுட்டு வர்றான்னா? ஏன் அப்படிப் பாக்கற? திட்டறதுன்னா திட்டு.

— போன சர்வீஸ்ல எங்க க்ளினிக் கட்டடத்து லிஃப்டைப் பாத்தீங்களே. அப்ப என்ன கேட்டுச்சு? சொல்லுங்க.

— உறுமல் இருந்துச்சு.

— லிஃப்ட்லயா?

— அதான் தெரியலங்கறேன்! ஸ்க்ரூட்ரைவரை வச்சேன், உறுமுச்சு. எடுத்தேன், அப்பவும் உறுமுச்சு. நம்ம காதுதான்னு விட்டுட்டேன். எல்லாம் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டு, வாட்ச்மேன்கிட்ட டீ வாங்கிக் குடிச்சுட்டு வந்தேன். அன்னியிலேருந்து எனக்குச் சோறு இறங்கல.

— உங்க காது இல்லங்க அது.

— என்ன சொல்ற? சத்தமாச் சொல்லு.

— உங்க காது மட்டும் இல்லன்னேன். லிஃப்டும்தான்.

— உனக்கெப்படித் தெரியும்? கேக்கறேன்ல! அந்த போனைக் குடு இப்படி. வாட்ச்மேனுக்குச் சொல்லி மெயின் ஸ்விட்சை இறக்கச் சொல்றேன். அப்புறம் கம்பெனிக்கு நானே பேசறேன், வேலை போனாப் போகுது... ஏய், இன்னிக்கும் நீ அதுலதான் இறங்கி வந்தியா? சொல்லு! இன்னிக்கும் அதுலயா வந்த?

— நான் அதுல ஏறியே ரொம்ப நாளாச்சுங்க. எனக்கு அந்த உறுமல் முதல் நாளே கேட்டுச்சு. வெளியில சொன்னா உங்க வேலை போயிடுமேன்னு, கண்ணுல கட்டுப் போட்டுக்கிட்டு வர்றவங்களை எல்லாம் நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் லிஃப்ட்ல ஏத்தி விட்டுட்டு, நான் மட்டும் படியில இறங்கி வந்துக்கிட்டிருக்கேன்.