இரண்டாவது பொத்தான்

விளக்கு எரியட்டும், அணைக்க வேண்டாம். நடுவில் எவனும் தண்ணீர் குடிக்க எழுந்து போகக் கூடாது, அவ்வளவுதான். இது என் நண்பனின் சித்தப்பாவுக்கு நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறரை மணி. தீம் பார்க்குக்குப் போகிற சாலை. மற்ற வருடமென்றால் அந்த நேரத்தில் அங்கே கார் நகராது. வாந்தி எடுக்கிற பிள்ளைகளும் திட்டுகிற அப்பாக்களுமாய் இரண்டு கிலோமீட்டருக்கு நிற்கும். அன்று... ஒரு சைக்கிள்கூட இல்லை. ஊரடங்கு. சித்தப்பாவின் வண்டிச் சத்தம் அவருக்கே கூச்சமாக இருந்ததாம்.

"பேய்க்கும் ஈ-பாஸ் குடுத்தாங்களா?" என்கிறாயா? சிரி, சிரி. இப்போதே சிரித்துக்கொள்.

சித்தப்பா அந்தப் பார்க்கின் திட்ட அதிகாரி. நோய் வந்த பிறகு பார்க்கை எப்படி நடத்துவது என்று விதி எழுதியவரே அவர்தான். வரிசையில் ஆறடிக்கு ஒரு வட்டம். ரோலர் கோஸ்டரில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை காலி. ஊழியர்கள் இரண்டு அணி, ஒரு அணி மற்ற அணியின் முகத்திலேயே விழிக்கக் கூடாது. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் அணி மொத்தமும் பதினான்கு நாள் வீட்டில்.

நடுவில் கொஞ்ச நாள் திறந்தார்களே, அந்த முதல் நாள் காலையில் காய்ச்சல் வந்தது... சித்தப்பாவுக்கே. வெளியே சொன்னால் திறப்பு நின்றுபோகும். ஆறு மாத உழைப்பு மண்ணாய்ப் போகும். ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். முன்வாசலில் நெற்றிக்கு நேரே கருவியை நீட்டுவார்கள் என்று, தன் சாவியால் பின்வாசலைத் திறந்து நுழைந்தார். ரோலர் கோஸ்டர் கேபினில் ஆபரேட்டர் அண்ணனோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இரைச்சலில் பேச்சு கேட்கவில்லையென்று மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு.

பன்னிரண்டாம் நாள் ஆபரேட்டர் அண்ணன் போய்விட்டார்.

அவர் மனைவி போனில் அழுதாள். "சந்தைக்கு நான்தான் சார் போனேன். நான்தான் அவருக்குக் கொண்டுவந்து குடுத்துட்டேன்." சித்தப்பா அந்த நிமிடமே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "மனசைத் தேத்திக்குங்கம்மா" என்றார். அவ்வளவுதான் வாயில் வந்தது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பார்க்கை மறுபடி மூடினார்கள். ஆனால் ரோலர் கோஸ்டரைச் சும்மா நிறுத்திவைக்க முடியாது. வாரத்துக்கு ஒருமுறை, ஆளில்லாமல் மூன்று சுற்று ஓட்ட வேண்டும். இல்லையென்றால் சக்கரம் இறுகிவிடும். வண்டி கிளம்ப இரண்டு பொத்தான்கள். கேபினுக்குள் ஒன்று, மேடைக் கோடியில் ஒன்று. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் நகரும். ஒருவர் அழுத்தியதும் மற்றவருக்குப் பச்சை விளக்கு எரியும். கேபினில் மெக்கானிக், மேடையில் சித்தப்பா. அதுதான் வழக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டு மேடையில் காத்திருந்தார். போன் வந்தது, மெக்கானிக்.

"சார், வழியில மடக்கிட்டாங்க. பாஸ் தேதி முடிஞ்சுபோச்சாம். கேபின் சாவி என்கிட்டதான் இருக்கு. நீங்க வீட்டுக்குக் கிளம்பிடுங்க."

போனைப் பைக்குள் போட்டார். க்ளிக்...

பச்சை விளக்கு எரிந்தது.

கேபின் கதவில் பூட்டு தொங்குகிறது. உள்ளே இருட்டு. கண்ணாடியில், உட்கார்ந்திருக்கிற ஆளின் வாய் உயரத்தில், வட்டமாய் ஆவி படிகிறது... மறைகிறது... மறுபடி படிகிறது. சானிடைசர் வாடை வேறு, யாரோ அப்போதுதான் கையில் ஊற்றித் தேய்த்ததுபோல.

விளக்கு அணையவே இல்லை. கடைசியில் தன் பொத்தானை அழுத்தினார். வண்டி கடகடவென்று ஏறியது, இறங்கியது, ஒரு கூச்சல்கூட இல்லாமல் சுற்றி வந்து நின்றது. மறுபடி பச்சை. மறுபடி அழுத்தினார். இப்படியே மூன்று சுற்றும் முடிந்தது. அதற்குப் பிறகும்... பச்சை.

"இன்னும் என்னண்ணே?"

கண்ணாடியில் ஆவி படிந்தது, மறைந்தது. சித்தப்பாவுக்குப் புரிந்துவிட்டது.

"சரிண்ணே. உங்க வீட்டம்மாகிட்ட போய்ச் சொல்லிடறேன். இன்னிக்கே சொல்லிடறேன்."

விளக்கு அணைந்தது.

நேரே ஆபரேட்டர் அண்ணன் வீட்டுக்கு வண்டியை விட்டார். பிள்ளைகள் கிடையாது. அந்த அம்மா தனியாகத்தான் இருந்தாள். கதவைப் பாதி திறந்து நின்றாள். சித்தப்பா வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். காய்ச்சல், பின்வாசல், இறக்கிவிட்ட மாஸ்க். "நீங்க இல்லம்மா. நான்தான் அவருக்குக் குடுத்தேன்."

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. தலையை மட்டும் உள்பக்கம் திருப்பி, விளக்குப் போடாத அறையைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"சொல்லிட்டாருங்க."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. யாரோ இறங்கி, காலைத் தேய்த்து நடக்கிற சத்தம்...

அவள் மறுபடி சித்தப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"கொஞ்சம் நில்லுங்க சார். சட்டை போட்டுக்கிட்டு வர்றார்."