வண்டியில் ஏற்றும் படகு

மாட்டுவண்டியில் ஏற்றுகிற படகு கனமாக இருக்கக் கூடாது. இதைத் தெரிந்துகொள்ளப் படிப்பு வேண்டியதில்லை. பாப்பாரப்பட்டியிலிருந்து ஏரியூர் வரை ஒரு ஜோடி மாட்டைப் பூட்டி இழுக்கவிட்டுப் பார்த்தால் போதும்.

மேட்டூர் அணைத் தண்ணீர் எங்கள் பக்கம் வந்து தேங்கிய பிறகு, ஓவர்சியர் தீர்த்தகிரிக்குப் பாய்மரப் படகு ஆசை பிடித்துக்கொண்டது. அணை வேலையில் இருந்தபோது துரைமார்கள் ஓட்டியதைப் பார்த்திருக்கிறார். தானும் மனைவியும் மகளும் போக ஒரு சின்னப் படகு வேண்டும், அது வண்டியிலேயே வீடு திரும்ப வேண்டும் என்றார். படம் அவர் வரைந்தார். தச்சு வேலை என்னுடையது.

அவர் படத்தில் அடியில் ஓர் இரும்புத் தகடு நீட்டிக்கொண்டிருந்தது. படகைச் சாயாமல் பிடிப்பது அதுதான். ஆனால் அதோடு படகு வண்டியில் உட்காராது. தகட்டைக் கீலில் மாட்டி உள்ளே மடக்கலாம், ஒரு மரமுளையால் நிறுத்தி வைக்கலாம், ஆழத்துக்குப் போனதும் முளையை உருவினால் தகடு கீழே இறங்கிவிடும் என்று சொன்னவன் நான். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

சந்தை நாளில் ஒரு டாக்டர் படகைப் பார்த்து அசந்துபோனார். "முழுக்க என் யோசனைங்க. ஆசாரி சொன்னதச் செய்வான், அவ்வளவுதான்" என்றார் தீர்த்தகிரி. உளியைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அவமானமாக இருந்தது. இப்போது எனக்குள் இருப்பதற்கு முன்னால் அது ஒன்றுமேயில்லை.

ஆடி மாதம், படகு முதன்முதலாகத் தண்ணீருக்குப் போகிற நாள். முளையின் தலையை மரத்தோடு மரமாக அறுத்துவிட்டேன். நடுத்தண்ணீரில் அவர் தடவிப் பார்ப்பார், பிடித்து உருவ எதுவும் இருக்காது, காற்றில் படகு கவிழும், நனைந்து திரும்புவார், ஊர் சிரிக்கும். அவருக்கு நீச்சல் தெரியும்.

அவர் மட்டும்தான் நீந்திக் கரையேறினார். மனைவி ரங்கம்மாளும் மகள் செல்லியும் மறுநாள் கரை ஒதுங்கினார்கள்.

படகை என் பட்டறைக்கே கொண்டுவந்தார்கள். முளையைத் தட்டி எடுத்து அடுப்பில் போட்டேன். பதினாறாம் நாள் தீர்த்தகிரி வந்தார்.

"என் கணக்கு எங்க தப்பாப் போச்சு ஆசாரி?"

"முளை ஊறி உள்ளாற போயிருக்குங்க. அகலமும் பத்தலீங்க" என்றேன்.

அதை நம்பினார். எட்டு வருஷம் அதே படகை அகலமாக்கி அகலமாக்கி வரைந்துகொண்டிருந்தார். போன மாதம் இறந்துபோனார். அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று அவர் தனியாகப் போவார் என்றுதான் நினைத்தேன். இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டது இதைத்தான். ஆனால் அன்று காலையில் ரங்கம்மாள் பட்டறைக்கு வந்திருந்தார். "ஆசாரியண்ணா, புள்ள ஒக்கார்ற பலகைல சிலாம்பு குத்துதுங்க. கொஞ்சம் இழைச்சுக் குடுங்க, இன்னிக்கு அவளும் வர்றா" என்றார்.

இழைத்தேன். உள்ளங்கையால் இரண்டு தரம் தடவிப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் ரம்பத்தை எடுத்தேன்.