லயம்ங்கிறது தமிழே இல்லையாம்

நேத்து அட்டன்ல நோர்வூட் பஸ் ஏறுனேன். மழைக்கு ஜன்னலெல்லாம் சாத்திக் கெடந்துச்சு. முன் சீட்டுல ரெண்டு பொம்பளைங்க.

"லயம்ங்கிறது தமிழே இல்லையாம் அக்கா. இங்கிலீசு லைனாம். மகன் சொல்றான்."

பின் சீட்டுல இருந்த நானும் எழுபது வருசமா லயம்னுதான் சொல்றேன், எனக்கே தெரியாது.

"லைனுன்னா?" மூத்தவ கேட்டா.

"வரிசை. வெள்ளக்காரன் தேயிலத் தோட்டத்து சனத்துக்கு ஒத்த அறையா, வரிசையா காம்பரா கட்டி வரிசைன்னே பேரு வச்சிட்டான். வீடுன்னு சொல்ல மனசு வரல போல."

"நாசமாப் போனவன். ஆனா லயத்துல எனக்கு மூச்சு இழுப்பு வந்தா சுவத்தத் தட்டுவேன், பக்கத்து காம்பரா ராணி ஓடியாருவா. இப்ப தனித்தனி வீடு குடுத்துட்டாங்க. தட்டுனா யாருக்குக் கேக்கும்? பயத்துல தூக்கமே இல்ல."

"அப்புறம்?"

"என் கட்டில்ல இருந்து ராணி வீட்டு ஜன்னலுக்குக் கயிறு கட்டி, அந்தப் பக்கம் பால்மா டின்னுகளத் தொங்க விட்டோம். முந்தாநாள் இழுப்பு வந்துச்சு. கயித்த ஆட்டுனேன்."

"ராணி வந்தாளா?"

"அவ மட்டுமா? அந்தச் சத்தத்துக்கு மொத்த லயமும் வந்துருச்சு!"

"அதான் தனித்தனி வீடாச்சே, இன்னும் ஏதுக்கா லயம்?"

மூத்தவ சிரிச்சா. "பின்ன, வந்த சனத்துக்கு வேற என்னடி பேரு?"