பன்னிரண்டாம் அத்தியாயத்துத் திருடன்

அக்கா: அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி படிச்சுச் சொல்லுன்னு கொடுத்தியே, சொல்றேன். நாவல்ல பன்னிரண்டாம் அத்தியாயத்துல வர்ற அந்த வாட்ச் கடைக்காரர் யாருடி?

தங்கை: கற்பனை.

அக்கா: மண்ணாங்கட்டி! நம்ம தையல் கடைக்கு எதிர்ல இருக்கிற சைக்கிள் கடைக்காரர்.

தங்கை: ஐயோ, அவருக்குத் தலை நிறைய முடி. என் ஆளு வழுக்கை.

அக்கா: வழுக்கையாக்கிட்டா ஆச்சா? வேலை செய்யும்போது நாக்கைக் கடிச்சுக்கிறாரு. யாரு எது கேட்டாலும் 'பார்ப்போம், பார்ப்போம்'ங்கிறாரு. தெருவே கண்டுபிடிச்சுடும்.

தங்கை: அவ்வளவு கவனிச்சு வச்சிருக்கியா?

அக்கா: பேச்சை மாத்தாதே. ரிப்பேருக்கு விட்ட நம்ம சைக்கிள் அங்க காணாமப் போச்சு, வாஸ்தவம். நீ அதை வாட்சாக்கி, அவரே வித்துட்டாருன்னு எழுதியிருக்க. அவர் வித்ததை நீ பார்த்தியா?

தங்கை: இல்ல... கதைக்கு ஒரு திருடன் தேவைப்பட்டான்.

அக்கா: அதுக்கு அவர்தான் கிடைச்சாரா?

தங்கை: முதல் பக்கத்துல 'யாவும் கற்பனை'ன்னு போட்டுடுவேன்க்கா.

அக்கா: பின்னட்டையில 'என் சொந்த வாழ்க்கை'ன்னும் போடுவ!

தங்கை: அது... விற்பனைக்கு.

அக்கா: அளவே எடுக்காம சட்டை தச்சு, 'உங்களுக்குத்தான்'னு ஒருத்தர் கழுத்துல மாட்டுற வேலை இது. அவரால கழட்டவும் முடியாது. பதிலுக்கு அவரும் ஒரு நாவலா எழுதுவாரு? பஞ்சர்தான் ஒட்டுவாரு!

தங்கை: ஹஹ்ஹா...

அக்கா: சிரிக்காதே. நாளைக்கு அவர் கடையில சைக்கிள் விட எவன் வருவான்?

தங்கை: ரெண்டாம் அத்தியாயத்துல உன்னைச் சிடுமூஞ்சின்னு எழுதினேன். அதுக்கு ஒரு வார்த்தை கேக்கல...

அக்கா: அது உண்மைதானே.

தங்கை: அவருக்கு மட்டும் ஏன் இவ்வளவு வக்காலத்து?

அக்கா: நியாயம்னா நியாயம்.

தங்கை: அக்கா... நூல் அறுந்து ரொம்ப நேரமாச்சு. வெறும் மெஷினை மிதிச்சுட்டிருக்க.

அக்கா: எனக்கு அவரைப் பிடிக்கும்டி. போதுமா? அவருக்கே தெரியாது. முதல்ல அந்த அத்தியாயத்தைக் கிழிச்சுப் போடு.

தங்கை: நீயே கிழிச்சுக்கோ. அது உனக்காக மட்டும் எழுதினது. வேற யாரும் பார்க்கல.

அக்கா: என்னது!

தங்கை: பின்ன, உன் வாயைப் பிடுங்க வேற வழி? அச்சுக்குப் போற கதையில அவரு திருடன் இல்ல... நம்ம வீட்டு மாப்பிள்ளை.

அக்கா: அடிப்பாவி! அதையாவது அவரைக் கேட்டு எழுதினியா?

தங்கை: கேக்காமலா? முழுசும் படிச்சுக் காட்டினேன். 'எனக்குச் சம்மதம்மா, உங்க அக்காவை ஒரு வார்த்தை கேட்டுட்டு அச்சுக்குக் கொடு'ன்னாரு.